ஹயஸில் ஊர் சுற்றுகிறோம், இனிப் படகிலும் தங்கலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது, ஓய்வுபெற்ற தாதி. கணவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், வயது 64, சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறார். கிளிநொச்சியில் இருக்கிறோம். பிள்ளைகள் எல்லோரும் வெளியில். ஹயஸ் வான் ஒன்றுக்குள் கட்டில், அடுப்பு, சோலர் எல்லாம் பூட்டி, வருடத்தில் சில மாதங்கள் அதிலேயே ஊர் ஊராகப் போய்த் தங்குகிறோம். போன வருடம் கனடாவில் மகனிடம் போனபோது, ட்ரென்ட் செவர்ன் கால்வாயில் எங்கள் வயதுச் சோடிகள் கோடை முழுக்கப் படகிலேயே குடியிருப்பதையும், குளிர் தொடங்க ஆர்வீ என்கிற வீட்டு வண்டியில் தெற்கே போவதையும் கண்டோம். அதிலிருந்து இவருக்கு ஒரே படகு நினைவு. முல்லைத்தீவில் 19 அடிப் பிளாஸ்ரிக் வள்ளம் ஒன்று 25 குதிரைவலு எஞ்சினோடு மலிவாக வருகிறது. பேசாலையில் 28 அடி டீசல் படகு ஒன்றும் விலைக்கு இருக்கிறது. இவர் பிறந்தது வட்டுவாகல். அதனால் அந்த ஊர்க் களப்பான நந்திக்கடலில் படகை விட்டு அதில் தங்கவேண்டும் என்கிறார். வானுக்குள் இருப்பதுபோல ஓர் அறையைப் படகின் மேல் அடிக்கலாம் என்றும் சொல்கிறார். வானை விற்றால்தான் காசு புரளும். எனக்கு நீந்தத் தெரியாது. இது சரிவருமா?
கிளிநொச்சி வாசகி

பதில்: அக்கா, வானை விற்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். நீங்கள் கேட்கிற வாழ்க்கை வன்னியில் சரிவரும். ஆனால் படகு உங்களுக்கு வீடாக இருக்கப்போவது வருடத்தில் இரண்டு, இரண்டரை மாதம்தான். அந்த மாதங்களிலும் வான் கரையில் நிற்கவேண்டும். சமையலறை, குளியலறை, மருந்துப் பெட்டி, அவசரத்துக்கு ஓடுகிற வாகனம் எல்லாம் அதுதான். வானை விற்று வாங்கிய படகில் ஒரு பருவம்கூட நிம்மதியாக இருக்கமாட்டீர்கள்.

கனடாவில் பார்த்ததை அப்படியே இங்கே எடுத்துவர முடியாது. அந்தக் கால்வாய் ஒன்ராரியோ ஏரியையும் ஹூரோன் ஏரியின் ஜோர்ஜியன் குடாவையும் இணைத்து 386 கிலோமீற்றர் ஓடுகிறது. நன்னீர், அலை குறைவு. நீர்மட்டம் மாறும் இடங்களில் படகை ஏற்றி இறக்கும் நீர்ப்படிகள் மே நடுப்பகுதியில் திறந்து ஒக்ரோபர் நடுப்பகுதியில் பூட்டப்படும். பீற்றர்பரோவில் படகைத் தொட்டியோடு சேர்த்து 20 மீற்றர் உயரம் தூக்கிவிடும் படி ஒன்று 1904இலிருந்து இயங்குகிறது, அதையும் பார்த்திருப்பீர்கள். நீர்ப்படிகளின் பக்கத்தில் படகைக் கட்டி இரவு தங்க இடமும் கழிப்பறையும் உண்டு. வழியில் உள்ள படகுத்துறைகளில் குடிதண்ணீர் எடுக்கலாம், கழிவுத் தொட்டியை உறிஞ்சி எடுக்கும் வசதியும் இருக்கிறது. அந்த வசதிகள் இருப்பதால்தான் அறுபது வயதுச் சோடிகள் பயமில்லாமல் படகில் குடியிருக்கிறார்கள். எங்கள் கரையில் இதில் எதுவும் இல்லை. முல்லைத்தீவில் படகு கட்டுவதற்கு ஒரு துறைமுகம்கூட இல்லை. வெறும் மணற்கரையில் ஏற்றித்தான் வைக்கிறார்கள். அங்கே கால்வாய் செய்கிற வேலையை இங்கே உங்கள் வான் செய்யவேண்டும்.

அடுத்தது காற்று. எங்கள் பக்கத்தில் வருடத்தைப் பிரிப்பது காற்றுத்தான். அண்ணை கடற்கரையில் பிறந்தவர், அவருக்குத் தெரியும். உங்களுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஐப்பசிக் கடைசியில் வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, எழும்பினால் முல்லைத்தீவுப் பக்கக் கடல் கொந்தளிக்கும். தை வரைக்கும் அது அடங்காது. வைகாசியில் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்கினால் மன்னார்ப் பக்கம் புரட்டாசி வரை காற்று ஓயாது. மன்னார்த் தீவின் தென்கரையில் காற்றாலைகளை வரிசையாக நட்டிருப்பது அந்தக் காற்றை நம்பித்தான். தொழில் செய்கிறவர்கள் இதைப் பார்த்துத்தான் இடம் மாறுகிறார்கள். மேற்குக் கரையோரத்திலிருந்து ஆட்கள் சோளக காலத்தில் முல்லைத்தீவுப் பக்கத்து நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் வந்து வாடி (தற்காலிகக் குடில்) போடுவது, அப்போது தங்கள் கரையில் கடலில் இறங்க முடியாததால்தான்.

இதைக் கேட்டதும், “அப்படியானால் சோளகத்தில் முல்லைத்தீவு, வாடையில் மன்னார்” என்று அண்ணை கணக்குப் போடுவார். புதிதாகத் தொடங்குகிற இரண்டு பேருக்கு அந்தக் கணக்கு ஆபத்தானது. சோளக காலத்தில் முல்லைத்தீவுக் கரையில் நின்று பாருங்கள். அலை சின்னதாக, தண்ணீர் வடிவாகத் தட்டையாக இருக்கும். காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரத்தில் அலை எழும்ப இடமில்லை, அவ்வளவுதான். வெளியே போகப் போக அலை உயரும். அந்த நேரம் எஞ்சின் நின்றால் காற்று உங்களைக் கரைக்குக் கொண்டுவராது. கிழக்கே கொண்டுபோகும், அங்கே வங்காள விரிகுடாதான் இருக்கிறது. தனி எஞ்சின் பூட்டிய 19 அடி வள்ளத்தில், நீந்தத் தெரியாத நீங்களும் இன்சுலின் போடுகிற அவரும் அப்படித் தள்ளப்பட்டுப் போவதை நினைக்கவே எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த வள்ளம் எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள். அது காலையில் போய் வலை எடுத்துக்கொண்டு மத்தியானம் திரும்புவதற்குச் செய்த வள்ளம். அதில் நீட்டிப் படுக்கக்கூட இடமில்லை.

மறுபக்கம், கார்த்திகையிலும் மார்கழியிலும் மன்னார்க் கரையில் அலை குறைவாகத் தெரிந்தாலும் அது புயல் மாதம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரை தொட்டு, வன்னியைக் குறுக்கே கடந்து அடுத்த நாள் மன்னார்ப் பக்கமாக வெளியேறியது. ஒரே புயல் இரண்டு கரையையும் பார்த்துவிட்டுத்தான் போகும். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயல் மன்னாரையும் விட்டுவைக்கவில்லை. அதனால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் படகு தரையில், கட்டைகளின் மேல், கட்டப்பட்டு நிற்கவேண்டும். நீங்களும் வீட்டில் நில்லுங்கள். வானின் கூரை ஒழுக்கு, பற்றரி, ரயர் எல்லாம் பார்க்க அது நல்ல காலம்.

மிச்சம் இருப்பது மாசியும் பங்குனியும், சித்திரையில் முதல் பாதியும். வாடை இறங்கி, சோளகம் இன்னும் ஏறாத நேரம். இடம், விடத்தல்தீவிலிருந்து நாச்சிக்குடா, வலைப்பாடு வரையான பாக்குநீரிணைக் கரை. ஆழம் குறைந்த கடல், வற்றுப்பெருக்கு வித்தியாசமும் ஒரு மீற்றருக்கு உள்ளேதான். வாடை கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் கரை அணைவாக இருக்கும். சித்திரை பிறந்தபிறகு ஒரு கவனம் வேண்டும்: பின்னேரங்களில் தெற்கிலோ கிழக்கிலோ கறுத்து, இடியும் மின்னலும் சடுதிக் காற்றும் வரும். அந்த மாதத்தில் மத்தியானத்துக்கு முன் நங்கூரம் போட்டுவிடுங்கள், அல்லது கரைக்கு வந்துவிடுங்கள். வைகாசியிலிருந்து வானை எடுத்துக்கொண்டு கிழக்கே போகலாம். திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் எல்லாம் அப்போது காய்ந்து வெளித்திருக்கும். தையில் தெற்குக் கரையும் மலைநாடும். இப்படிப் போட்டால் வருடம் நிறைந்துவிடும், வானும் படகும் ஒன்றையொன்று இடறாது.

நந்திக்கடலைப் பற்றி அண்ணையிடம் நீங்கள்தான் பக்குவமாகக் கதைக்கவேண்டும். பிறந்த இடத்துத் தண்ணீரில் ஒரு இரவாவது படுத்தெழும்ப வேண்டும் என்ற ஆசை எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனால் அந்தக் களப்பு பெரும்பாலும் இடுப்பளவு, நெஞ்சளவு ஆழம்தான். ஆவணி வெயிலில் நீர் சுண்டி, சூடேறி, மீன் செத்து மிதந்த வருடங்கள் உண்டு. மாரியில் வெள்ளம் ஏறி வட்டுவாகலில் முகத்துவாரம் வெட்டினால் நீர் ஒரே இழுவையாகக் கடலுக்குப் போகும். 28 அடிப் படகு அங்கே ஒரு பருவத்தில் தரைதட்டி நிற்கும், இன்னொரு பருவத்தில் இழுத்துக்கொண்டு போகும். 2017இலிருந்து அது வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் இயற்கை ஒதுக்கிடமும்கூட. இவை எல்லாவற்றையும் தாண்டி, அந்தக் கரையில் 2009இல் நடந்ததை நான் எழுதித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்றில்லை. வைகாசியில் அங்கே விளக்குக் கொளுத்த வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் ஒரு பொழுதுபோக்குப் படகு மிதப்பதை அண்ணையே விரும்பமாட்டார். அவரை அழைத்துக்கொண்டு வற்றாப்பளைப் பொங்கலுக்கு வானில் போங்கள். களப்பில் தொழில் செய்கிற ஒருவரிடம் சொல்லி, தோணியில் விடியற்காலை ஒருமுறை சுற்றிவாருங்கள். அந்த ஆசைக்கு அதுதான் சரியான வழி.

இனிப் பேசாலைப் படகு. எங்கள் ஆட்கள் மூன்றரைத் தொன் என்று சொல்கிற வகை என்று நினைக்கிறேன்: 28 அடி, உள்ளே பூட்டிய டீசல் எஞ்சின், முன்னால் அல்லது பின்னால் சின்னதாக ஒரு அறை, நடுவில் மீன் போடுகிற ஐஸ் பெட்டி. இரண்டு பேர் சில இரவுகள் தங்குவதற்கு இந்தக் கரையில் கிடைக்கிற படகுகளில் இதுதான் பொருத்தம். டீசல் என்பது பெரிய நன்மை. பெற்றோல் ஆவிபோலப் படகின் அடியில் தேங்கித் தீப்பிடிக்கிற பயம் குறைவு. ஆனால் பழைய படகை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் காசைக் கொடுக்காதீர்கள்.

தண்ணீரில் நிற்கிற படகைப் பார்க்கவே வேண்டாம். கரையில் ஏற்றி ஒரு கிழமையாவது காயவிடச் சொல்லுங்கள். காலையில் போய், ஒரு பத்து ரூபாய்க் குற்றியால் அடிப்பக்கம் முழுக்க அரை அடிக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே போங்கள். நல்ல பைபர் ‘டண்’ என்று கூர்மையாகச் சொல்லும். உள்ளே படை பிரிந்து தண்ணீர் இறங்கியிருந்தால் ‘டொப்’ என்று மந்தமாக விழும். அந்த இடங்களைச் சோக்கால் வட்டம் போடுங்கள். ஒன்றிரண்டு வட்டம் என்றால் வெட்டி ஒட்டலாம். எஞ்சின் உட்கார்ந்திருக்கும் நெடுங்கட்டைகளைச் சுற்றி வட்டங்கள் சேர்ந்து நின்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். அந்தக் கட்டைக்குள் மரம் உக்கியிருக்கும், எஞ்சினைத் தூக்காமல் அதைத் திருத்த முடியாது. ஐஸ் பெட்டியின் சுவருக்குள் இருக்கும் நுரையும் அப்படித்தான். ஒருமுறை தண்ணீர் குடித்தால் அது காயவே காயாது, பாரமும் மணமும் உங்களோடேயே இருக்கும். பெட்டியின் ஒரு மூலையில் சின்னத் துளை போட்டுப் பார்க்க விடுவாரா என்று கேளுங்கள். நேர்மையான ஆள் விடுவார்.

எஞ்சினைப் பார்க்கப் போகும்போது சொல்லாமல் போங்கள். ஸ்ராட் பண்ணுவதற்கு முன் புகைக் குழாயைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் விஷயம். ஒயில் குச்சியை இழுங்கள். ஒயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது. ஓடத் தொடங்கியபின் நீலப் புகை நிற்காமல் வந்தால் ஒயில் எரிகிறது. பாரம் கொடுக்கும்போது கரும்புகை வந்தால் பம்பும் இன்ஜெக்டரும் பார்க்கவேண்டும். வெள்ளைப் புகை குளிரில் கொஞ்சம் வரலாம், சூடேறிய பிறகும் விடாவிட்டால் நல்லதில்லை. பின்பக்கம் சுழலித் தண்டு வெளியே போகும் இடத்தில், ஓடும்போது துளித்துளியாகத் தண்ணீர் வந்தால் சரி, நூலாக ஓடினால் அந்த இடத்து அடைப்போ தண்டோ தேய்ந்திருக்கலாம். இவ்வளவையும் அண்ணை தனியே பார்க்கவேண்டும் என்றில்லை. பேசாலைக்கு வெளியே உள்ள ஒரு மெக்கானிக்கைக் கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். உள்ளூர் ஆள் என்றால் விற்கிறவரின் உறவாக இருப்பார், அவருக்கும் சங்கடம்.

படகின் மேல் அறை அடிக்கிற யோசனையை அண்ணை கைவிடவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தொழிற்படகு ஐஸ், மீன், வலை எல்லாம் அடியில் ஏற்றுவதற்குக் கணக்குப் பார்த்துச் செய்தது. உங்களிடம் அந்தப் பாரம் இல்லை, அதனாலேயே அது உயர மிதந்து உருளும். அதற்கு மேல் அலுமினியச் சட்டமும் பிளைவுட் பலகையும் அடித்து, கூரையில் சோலர் தட்டுகளையும் ஏற்றினால், பக்கக் காற்று ஒன்றும் குறுக்கலை ஒன்றும் சேர்ந்து வந்தால் படகு திரும்பி நிமிராது. காற்று அந்த அறையைப் பிடித்துத் தள்ள, நங்கூரமும் நிற்காது. வானுக்கு உயரம் ஒரு வசதி, படகுக்கு அது எமன். செய்யவேண்டியது நேர்மாறு: குடிதண்ணீர்க் கான்களையும் மணல் மூடைகளையும் அடியில், அசையாமல் கட்டுங்கள். மேலே மடித்து இறக்கக்கூடிய தறப்பாள் கூடாரம் போதும். காற்று எழும்பினால் அவிழ்த்து வைத்துவிடலாம். மாசிப் பனிக்கு ஒரு தடித்த போர்வை வேண்டும்.

காஸ் அடுப்பை வானில் எப்படி வைத்திருக்கிறீர்களோ, அதே பழக்கத்தைப் படகுக்குக் கொண்டுபோகாதீர்கள். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. வானில் கசிந்தால் கதவிடுக்காலும் தரைத் துளையாலும் வெளியே போய்விடும். படகில் தரைக்குக் கீழே ஒரு மூடிய கிண்ணம்தான் இருக்கிறது. கசிந்த காஸ் அங்கே இறங்கித் தேங்கும், மணமும் மேலே வராது. விடியக்காலை தேநீருக்கு நெருப்புத் தட்டும்போதோ, தண்ணீர் இறைக்கிற மோட்டரின் சுவிச்சைப் போடும்போதோ வெடிக்கும். சிலிண்டர் எப்போதும் வெளித்தளத்தில், காற்றுப்படுகிற இடத்தில் நிற்கட்டும். அடுப்பும் வெளியில்தான். இரவு படுக்கமுன் அடுப்பின் திருகியை மட்டும் பூட்டினால் போதாது, சிலிண்டரின் வாயையே பூட்டுங்கள். என்னைக் கேட்டால், பெரிய சமையலைக் கரையில் வானில் முடித்து, படகில் கஞ்சியும் தேநீரும் மட்டும் வையுங்கள்.

மின்சாரம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வானிலுள்ள இன்வேட்டரையும் வயர்களையும் கழற்றிப் படகில் பூட்டாதீர்கள், உப்பு அவற்றை ஒரு பருவத்திலேயே தின்றுவிடும். இரண்டு எல்ஈடி விளக்கு, கைபேசிச் சார்ஜர், தண்ணீர் இறைக்கும் மோட்டர், இதற்கு ஒரு சின்னத் தட்டும் ஒரு பற்றரியும் போதும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கேட்டு வாங்குங்கள். கழிப்பறைக்கு, மூடி இறுக்கக்கூடிய கைப்பெட்டி. அதைக் கடலில் கொட்டாமல் வானுக்குக் கொண்டுவந்து வெறுமையாக்குங்கள். பக்கத்தில் இறால் பிடிக்கிறவரின் தொழில் அந்தத் தண்ணீரில்தான்.

அண்ணையின் உடம்பைப் பற்றி ஒரு தாதிக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் கடல் பக்கத்து விஷயம் ஒன்று சொல்லவேண்டும். திறக்காத இன்சுலினை வானின் குளிர்ப்பெட்டியில் விட்டுவிட்டு, பாவனையில் உள்ளதை மட்டும் ஈரத்துணி சுற்றிய மண்பானையில் நிழலில் வைத்துக் கொண்டுபோங்கள். அதைவிட முக்கியம் பாதம். அந்தக் கரையில் வள்ளத்தை விட்டிறங்கி முழங்காலளவு தண்ணீரில் நடந்துதான் கரைக்கு வரவேண்டும். சேற்றுக்குள் திருக்கை படுத்திருக்கும், சிப்பி ஓடுகள் கத்திபோல நிற்கும். சீனி உள்ள காலில் பட்ட காயம் வெதுவெதுப்பான உவர்நீரில் எவ்வளவு கெதியாக மோசமாகும் என்று நீங்களே வாட்டில் கண்டிருப்பீர்கள். தடித்த அடியுள்ள, கணுக்காலை மூடுகிற சப்பாத்து இல்லாமல் அவர் ஒரு அடிகூடத் தண்ணீரில் வைக்கக்கூடாது. காலை இழுத்து இழுத்து நடக்கவேண்டும், அப்போது திருக்கை விலகிப் போகும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, நீங்கள் பாதத்தைப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு நாளும்.

நீங்கள் நீந்தப் பழகுங்கள் அக்கா. 61 ஒரு வயதில்லை. நல்ல நீந்துநர் ஆகவேண்டியதில்லை, தண்ணீரில் விழுந்தால் பதறாமல் மல்லாந்து மிதக்கத் தெரிந்தால் போதும். உயிர்காப்பு அங்கியைப் பெட்டிக்குள் வைக்காமல், படகில் இருக்கும் நேரம் முழுக்க இருவரும் போட்டிருங்கள். அதோடு, எஞ்சினை ஸ்ராட் பண்ணவும் நிறுத்தவும், நங்கூரம் போடவும், உதவி கேட்டுக் கதைக்கவும் நீங்களும் பழகவேண்டும். அவருக்குச் சீனி இறங்கி மயக்கம் வந்தால் படகைக் கரைக்குக் கொண்டுவருவது நீங்கள்தான். இதை அண்ணையிடம் நேராகச் சொல்லுங்கள், “நான் படகை ஓட்டப் பழகும்வரை இரவில் தங்குவதில்லை” என்று. கரைக்கு வந்துவிட்டால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இருக்கிறது, ஆனால் அது கடலுக்கு வராது. ஆகவே வான் நிற்கிற இடத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தூரம் போகவேண்டாம்.

நங்கூரத்துக்கு ஒரு கணக்கு: தண்ணீரின் ஆழத்தோடு அணியத்தின் (படகின் முன்முனையின்) உயரத்தையும் கூட்டி, அதைப்போல் ஏழு மடங்கு கயிறு விடுங்கள். இரண்டு மீற்றர் ஆழமும் ஒரு மீற்றர் அணியமும் என்றால் 21 மீற்றர். கயிற்றின் நுனியில் சில மீற்றர் சங்கிலி இருக்கட்டும். கடற்தாழை மேல் போடாமல் வெறும் மணலில் போடுங்கள். தாழை வேரில் நங்கூரம் பிடிக்காது, ஆவுளியா (கடற்பசு) மேய்கிற இடத்தையும் கிழித்துவிடும். இரவில் எல்லாப் பக்கமும் தெரிகிற வெள்ளை விளக்கு ஒன்று விடியும்வரை எரியவேண்டும். இந்தப் பக்கக் கடலில் இரவில் இந்திய றோலர்கள் இழுத்துக்கொண்டு வருகின்றன, இருட்டில் நிற்கிற சின்னப் படகை அவர்கள் காணமாட்டார்கள். அதனால் வெளிக்கடலில் இரவு தங்கும் பேச்சே வேண்டாம். கரையோடு அணைந்து நில்லுங்கள். கரையோரத்திலும் கடலட்டைப் பண்ணைகளின் வேலிக் கம்புகள் இருட்டில் தெரியாது, ஆகையால் பொழுது படமுன் நங்கூரம் விழுந்திருக்கவேண்டும்.

கரையில் உள்ளவர்களைப் பற்றியும் மனம்விட்டுச் சொல்கிறேன். விடத்தல்தீவிலோ நாச்சிக்குடாவிலோ நீங்கள் படகு விடப்போவது பிறர் தொழில் செய்கிற கடலில். யுத்தத்தில் படகும் வலையும் எஞ்சினும் மொத்தமாக இழந்து, பிறகு கடன் பட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தவர்கள் அவர்கள். இரணைதீவு ஆட்கள் 1992இல் தீவை விட்டு வந்து, 2018இல்தான் தாங்களே வள்ளங்களை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய் இறங்கினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கேட்காமல் போய் நங்கூரம் போடக்கூடாது. முதலில் அந்த ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய், நீங்கள் யார், எவ்வளவு நாள், எங்கே நிற்கப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். எந்த இடத்தில் வலை விடுகிறார்கள், எது வழி என்று அவர்களே காட்டுவார்கள். மீன் பிடிக்காதீர்கள், அவர்களிடம் வாங்குங்கள். விடத்தல்தீவுக் கண்டல் பக்கம் 2016இலிருந்து இயற்கை ஒதுக்கிடம், அங்கே வனசீவராசிகள் அலுவலகத்தில் கேட்காமல் நுழையவேண்டாம். அருகிலுள்ள கடற்படை முகாமில் படகின் இலக்கமும் தங்குகிற இடமும் எழுதிக் கொடுத்து, கையெழுத்திட்ட பிரதியை வைத்திருங்கள். இரவில் யாரும் வந்து வெளிச்சம் அடித்தால் காட்ட ஒரு கடதாசி வேண்டும்.

சரி, இந்த மாசிக்கு என்ன செய்வது? வாங்கவேண்டாம். நாச்சிக்குடாவிலோ வலைப்பாட்டிலோ சங்கத்தைக் கேட்டு, ஓட்டியோடு ஒரு படகை நாள் கூலிக்கு எடுங்கள். வானைக் கரையில், மணலுக்குள் இறக்காமல் கிறவல் நிலத்தில் விடுங்கள். முதலில் பகலில் போய் வாருங்கள். பிறகு ஓட்டியும் கூட இருக்க ஒரு இரவு. உங்களுக்குக் கடல் பிரட்டுகிறதா, அண்ணையால் இருட்டில் எழும்பி நங்கூரக் கயிற்றைப் பிடித்துப் பார்க்க முடிகிறதா, இன்சுலின் நேரமும் சாப்பாட்டு நேரமும் தவறாமல் இருக்கிறதா என்று அப்போது தெரியும். அதன் பிறகும் இருவருக்கும் ஆசை இருந்தால் அடுத்த வருடத்துக்கு வாங்கலாம். வானை விற்காமல் படகு வாங்கக் காசு சேரவில்லை என்றால், தொழில் செய்கிற ஒரு குடும்பத்தோடு பங்குக்குக் கேட்டுப்பாருங்கள். மாசியிலும் பங்குனியிலும் சில கிழமைகள் உங்களுக்கு, மிச்ச நாட்கள் அவர்களுக்கு. படகு ஓடிக்கொண்டே இருந்தால் எஞ்சினும் பழுதாகாது, பார்க்க ஆளும் இருக்கும்.

பேசாலைப் படகைப் பொறுத்தவரை, அது கடற்றொழில் திணைக்களத்தில் மீன்பிடிப் படகாகப் பதிந்ததாகத்தான் இருக்கும். பெயர் மாற்றவும், தொழிலுக்கு அல்லாமல் தங்குவதற்குப் பாவிக்கவும் என்ன செய்யவேண்டும் என்று மன்னார் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள். விலை பேசுகிற நாளுக்கு முன் பதிவுப் பத்திரத்தின் பிரதியையும், எஞ்சின் உடலில் பொறித்த இலக்கத்தை எடுத்த படத்தையும் எனக்கு அனுப்பிவையுங்கள். இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.